தெலுங்கில் ஐம்பது, தமிழில் எழுபத்தைந்து

(ஆந்திர எல்லையோரத்து நகரியில் ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கட்சிப் பேச்சாளர் ஜெயகுமாரி தியோடர் ஆற்றிய உரை)

அவைக்கு நடுநாயகமாய் அமர்ந்து, கழுத்தில் விழுந்த மாலைகளின் கனத்தை முகம் சுளிக்காமல் சுமந்துகொண்டிருக்கும் கூட்டத் தலைவர், நெசவாளர்களின் நெடுநாள் நேசர், நாகபூஷணம் ஐயா அவர்களே! இன்றைய விழாவின் விளக்கும் திரியும் எண்ணெயுமாக இருப்பவர், சட்டமேலவையில் நமக்காக உட்காருகிறவர், அவ்வப்போது எழுந்தும் பேசுகிறவர், மாண்புமிகு சுரேஷ்பாபு காரு அவர்களே! மேடையில் நாற்காலி கிடைத்த நல்லவர்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் புகைப்படத்தில் விழும்படி படிக்கட்டில் வந்து நின்றுகொண்ட வல்லவர்களே! ஓடுகிற தறியை ஓரங்கட்டிவிட்டு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! பாலசமுத்திரத்திலிருந்து டிராக்டரில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்த விவசாயப் பெருமக்களே! பிரியாணி உண்டு என்று சொன்னதால் வந்தவர்களே! இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்து போகாத பெருந்தகைகளே! உங்கள் அனைவரின் பாதங்களிலும் என் பணிவான வணக்கத்தைப் பதமாக வைக்கிறேன்.

என்னை அறிமுகம் செய்த மாவட்ட அமைப்பாளர் வெங்கட் தம்பி, என்னைச் 'சொற்புயல்' என்றார். போன கூட்டத்தில் 'சொல்லருவி' என்றார். அடுத்த கூட்டத்தில் வானிலை அறிவிப்பில் மிச்சமிருப்பது எதுவோ, அதைச் சொல்வார். நான் சித்தூர் மிஷன் தெருவில் பிறந்து, தெலுங்குப் பள்ளியில் படித்து, தமிழில் ஜெபம் செய்து வளர்ந்தவள். இந்தக் கட்சியில் தமிழ்க் கூட்டம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். தெலுங்குக் கூட்டம் என்றால் எனக்கு ஓய்வு. இன்று தமிழ்க் கூட்டம். ஆகவே வந்திருக்கிறேன்.

எனக்கு இட்ட பணி எளிய பணி. நம் தலைவர் சுரேஷ்பாபுவைப் பாராட்ட வேண்டும். எப்படிப் பாராட்ட வேண்டும் என்பதையும் தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார்கள். 'வரலாறு காணாத வெற்றி' என்று ஆரம்பிக்கிறது. 'வரலாறு காணாத வெற்றி' என்று முடிகிறது. நடுவில் இருப்பதும் அதுதான். அருமையான பேச்சு! அதைப் பத்திரமாக என் கைப்பையில் வைத்திருக்கிறேன். இன்று அதை வாசிக்கப் போவதில்லை. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன், பொறுங்கள்.

முதலில் எல்லாரும் தலையை நிமிர்த்தி மேடைக்கு மேலே பாருங்கள். அந்தப் பிரமாண்டமான ஃப்ளெக்ஸ் தெரிகிறதா? தலைவர் சிங்கத்தின் மீது அமர்ந்திருக்கிறார். சிங்கம் சிரிக்கிறது. அதன் கீழே, 'நூற்றுக்கு எழுபத்தைந்து வேலை, நம் மண்ணின் மக்களுக்கே! நிரந்தரம்! நிரந்தரம்! நிரந்தரம்!' என்று மூன்று முறை எழுதியிருக்கிறது. மூன்று முறை நிரந்தரம் என்று எழுதிய அந்த ஃப்ளெக்ஸ் மட்டும் நாளைக் காலையில் இருக்காது. யாராவது மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போட எடுத்துப் போய்விடுவார்கள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, எடுக்கப் போவது உங்களில் ஒருவர்தான்!

அந்த ஃப்ளெக்ஸின் கதை தெரியுமா உங்களுக்கு? திருப்பதியில் அதை அச்சுக்குக் கொடுத்தபோது சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. எழுபத்தைந்து கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிறகு சட்டம் மாறியது. ஃப்ளெக்ஸ் மாறவில்லை. அடித்தது அடித்ததுதான், காசைத் திருப்ப மாட்டேன் என்றார் கடைக்காரர். அப்போது நம் அமைப்பாளர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? சட்டத்துக்கு ஏற்றபடி ஃப்ளெக்ஸை மாற்றியிருக்க வேண்டும். என்ன செய்தார்கள்? ஃப்ளெக்ஸுக்கு ஏற்றபடி பேச்சை மாற்றினார்கள்! உலகத்திலேயே சட்டமன்றம் ஒன்று சொல்ல, ஃப்ளெக்ஸ் கடை ஒன்று சொல்ல, கட்சி ஃப்ளெக்ஸ் கடையின் பக்கம் நின்றது இங்கேதான்!

வெங்கட் தம்பி, ஏன் முறைக்கிறீர்கள்? உங்களைத் திட்டவில்லை. திட்டும் இடம் இன்னும் வரவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நேராகவே சொல்லிவிடுகிறேன். வரதய்யபாளையம் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு நம் பிள்ளைகள் வேலை கேட்டுப் போனபோது என்ன நடந்தது? வாசலில் காவலுக்கு நின்றவன்கூட வேறு மாநிலத்துக்காரன். உள்ளே இயந்திரத்தில் நின்றவனும் வேறு மாநிலத்துக்காரன். நம் நிலம், நம் நீர், நம் காற்று, நம் புழுதி! வேலை மட்டும் நமதில்லை. அதனால் கேட்டோம். ஒவ்வொரு கம்பெனியிலும் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், சேர்ந்த நாளிலிருந்தே நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்டோம். முதலாளிகள் என்ன சொன்னார்கள்? 'அவ்வளவு கேட்டால் கிளம்பிவிடுகிறோம்' என்றார்கள். எங்கே கிளம்புவார்கள்? அமெரிக்காவுக்கா? இல்லை. ஒரு மைல் தள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. சாமானைத் தள்ளுவண்டியில் ஏற்றினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்! அங்கே சிவப்புக் கம்பளத்தோடு காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது நம் தலைவர் பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்தார். இழுத்தார், பிடித்தார், விட்டார், மறுபடி இழுத்தார். முடிவில் எழுபத்தைந்து ஐம்பதாயிற்று. முதல் வருடம் காண்ட்ராக்ட். அந்த வருடத்தைப் பயிற்சியோடு முடித்தவர்களைக் கம்பெனி தள்ள முடியாது, நிரந்தர வேலைக்கு அவர்களைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பெண்களுக்குப் பஸ் விட வேண்டும். சூப்பர்வைசர் வேலைக்கு ஒதுக்கீடு கிடையாது, அதை விட்டுக்கொடுத்தோம். இதுதான் சட்டம். இவ்வளவுதான் சட்டம்.

தாய்மார்களே, உண்மையைச் சொல்லுங்கள், இது கெட்ட சட்டமா? ஒன்றுமே இல்லாத இடத்தில் நூற்றுக்கு ஐம்பது கெட்டதா? நேற்றுவரை வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட பெண் இனி உள்ளே போவாள் என்பது கெட்டதா? போன வாரம் இதே இடத்தில் எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். 'துரோகம்! துரோகம்! எழுபத்தைந்தை விற்றுவிட்டார் சுரேஷ்பாபு!' என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிர்க்கட்சி சொன்னதாயிற்றே, நம்மில் ஒருவரும் நம்பவில்லை. நான் கேட்கிறேன். நீங்கள் ஆண்டீர்களே, அப்போது எவ்வளவு வாங்கிக் கொடுத்தீர்கள்? பூஜ்யம்! அந்தப் பூஜ்யத்தையாவது முழுசாகக் கொடுத்தீர்களா? அதற்கும் ஒரு கமிட்டி போட்டீர்கள்! முழங்கால் தண்ணீரில் இறங்காதவர்கள், நீந்திக் கரையேறியவரைப் பார்த்து உடம்பு நனைந்துவிட்டது என்று கேலி பேசலாமா?

ஆக, தலைவர் செய்தது நல்ல காரியம். இதை எந்த மேடையிலும் சொல்வேன், எந்த மொழியிலும் சொல்வேன்.

ஆனால், அன்புக்குரிய தலைவரே, மொழி என்றதும் நீங்கள் நாற்காலியில் கொஞ்சம் நெளிந்தீர்களே, நான் பார்த்துவிட்டேன். செய்தது நல்ல காரியம். அதைச் சொன்னீர்களே, அங்கேதான் கோளாறு.

போன வாரம் ஒரே நாளில் தலைவருக்கு இரண்டு கூட்டங்கள். காலையில் திருப்பதியில் ஒரு குளிர்சாதன ஹோட்டலில் முதலாளிகள் கூட்டம். மாலையில் நாராயணவனத்தில் நம் கூட்டம். காலையில் தலைவர் கோட்டு போட்டுக்கொண்டு தெலுங்கில் பேசினார். 'பயபடகண்டி! டெப்பை ஐது அடிகாரு, யாபைக்கி திஞ்சானு!' என்றார். உங்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. திருத்தணியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சொல்கிறேன். 'பயப்படாதீர்கள், எழுபத்தைந்து கேட்டார்கள், நான் ஐம்பதாக இறக்கிவிட்டேன்' என்றார். முதலாளிகள் கைதட்டினார்கள். மாலையில் அதே தலைவர் வேட்டிக்கு மாறினார், தமிழுக்கும் மாறினார். 'எழுபத்தைந்து கேட்டீர்கள், எழுபத்தைந்தையும் எடுத்து வந்தேன், நிரந்தரமாக எடுத்து வந்தேன்!' என்று முழங்கினார். நாம் கைதட்டினோம்.

ஒரே நாள், ஒரே சட்டம், ஒரே வாய்! காலைக்கும் மாலைக்கும் நடுவே இருபத்தைந்து எங்கே முளைத்தது? புத்தூர் வழியாகக் கார் வந்ததே, அங்கே ஏற்றிக்கொண்டு வந்தார்களா?

தலைவரே, உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. தெலுங்கு கேட்பவர் ஒரு கூட்டம், தமிழ் கேட்பவர் வேறு கூட்டம், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது என்று நினைத்துவிட்டீர்கள். ஐயா, எந்த ஊரில் வந்து இதை நினைத்தீர்கள்? இது எல்லையோரம்! இங்கே குழந்தை தமிழில் அழும், தெலுங்கில் பால் கேட்கும். சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, தமிழில் அதிகம் என்று சண்டை போட்டு, தெலுங்கில் திட்டிவிட்டு, தமிழில் சமாதானம் ஆகிற ஊர் இது. இங்கே வந்து மொழியைச் சுவராக வைத்து மறைக்கலாம் என்று உங்களுக்கு யோசனை சொன்னவர் யார்? வெங்கட் தம்பி, நீங்கள் ஏன் இப்போது கீழே பார்க்கிறீர்கள்?

சரி, மறைத்தது மறைந்ததா? அதைத்தான் சொல்ல வந்தேன். திருப்பதி ஹோட்டலில் முதலாளிகளுக்குப் பரிமாறியவர்கள் யார் தெரியுமா? விருந்துகளுக்குப் பரிமாற ஆள் கூட்டிப்போகும் நாராயணவனத்து ரத்னம்மாவும், அவர் வேனில் அழைத்துப் போன நம் நகரிப் பெண்களும். பாதாம் அல்வா வைத்துக்கொண்டே பேச்சைக் கேட்டார்கள். மாலையில் வேன் திரும்பி வந்தது. நாராயணவனத்தில் ஆரத்தி எடுக்க ஆள் போதவில்லை. அதே பெண்களை இறக்கி, கையில் தட்டைக் கொடுத்தார்கள். காலையில் தலைவருக்கு அல்வா வைத்தவள் மாலையில் ஆரத்தி எடுத்தாள். அவள் முகத்தைத் தலைவர் இரண்டு முறை பார்த்தார். இரண்டு முறையும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி அகிலா. நம் கட்சிக்காரர், பவர்லூம் ரவியின் மகள். இன்று மதியம் எனக்கு ரவி வீட்டில்தான் சாப்பாடு. சோறு போட்டுக்கொண்டே ரவி பெருமையாகச் சொன்னார்.

"அக்கா, அகிலாவுக்குக் கம்பெனியிலருந்து வேலைக்கு வரச் சொல்லி வந்துச்சு. வேணாம்னுட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்பா?" என்றேன்.

"காண்ட்ராக்ட்டுன்னு போட்டிருந்துச்சு. நம்ம சாருதான் பர்மனென்ட்டே வாங்கிக்கினு வந்துட்டாரே. அப்புறம் இன்னாத்துக்கு காண்ட்ராக்ட்டு? இப்ப போயி இதுல சேந்துட்டா, நாளிக்கி பர்மனென்ட்டு வரும்போது 'நீதான் ஏற்கெனவே வேலயில கீறியே, ஓரமா நில்லு'ன்னுவாங்க. அதான் இருக்கட்டும்னு இருக்கறோம்."

நான் அகிலாவைப் பார்த்தேன். "ஏம்மா, திருப்பதியில் நீயும் இருந்தாயாமே. அங்கே ஐம்பது என்று சொன்னது உன் காதில் விழவில்லையா?" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன், சபையோரே. "விழாம இன்னா ஆன்ட்டி? நல்லாவே விழுந்துச்சு. அவங்க கிட்ட தெலுங்குல அம்பதுன்னு சொல்லி ஏமாத்திட்டாரு நம்மாளு. பாவம், அது தெரியாம அவங்க கை தட்டிக்கினு கெடந்தாங்க. நாங்க வேன்ல வர்ற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கினே வந்தோம்" என்றாள்.

"இங்கே சொன்னதுதான் பொய் என்றால்?" என்று கேட்டேன்.

"நம்ம கிட்ட வந்து, நம்ம பாஷையில பொய் சொல்லுவாங்களா ஆன்ட்டி?" என்றாள்.

ரவியின் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, கைப்பையில் 'வரலாறு காணாத வெற்றி'யை வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன்.

பாருங்கள் இந்தக் கூத்தை! இரண்டு பேச்சையும் கேட்ட பெண்களுக்குத் தலைவர் மேல் சந்தேகம் வரவில்லை. முதலாளிகளை ஏமாற்றிவிட்டு நமக்கு உண்மையைச் சொன்னார் என்று அவரை இன்னும் அதிகமாக நம்பினார்கள். முதலாளிகள் மட்டும் என்ன, சும்மா இருந்திருப்பார்களா? அவர்களில் பாதிப் பேர் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள், தமிழ் தெரிந்தவர்கள். நாராயணவனத்துப் பேச்சு செல்போனில் ஊரெல்லாம் சுற்றியதே, அவர்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? 'ஊர்க்காரனை எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறார்' என்று சிரித்திருப்பார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க, நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்க, நடுவில் அகிலா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்!

இதில் இன்னொரு செய்தி உண்டு. சட்டத்தின் கீழ் ஆள் எடுக்கும் முதல் பேட்ச் நாளையோடு மூடுகிறது. நாளை திங்கட்கிழமை. அதுவரை, வேண்டாம் என்று சொன்னவர்களும் போய்ச் சேரலாம். அடுத்த பேட்ச் எப்போது? சட்டத்தில் தேதி கிடையாது. தேதி கேட்டோம், தர முடியாது என்றார்கள், அதையும் விட்டுக்கொடுத்தோம். நாளைக்குப் போகாதவள், எப்போது வரும் என்றே தெரியாத ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அகிலா ஒருத்தி மட்டுமா? 'காண்ட்ராக்ட் வேண்டாம், நிரந்தரம் வரட்டும்' என்று இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். கூச்சப்படாமல் தூக்குங்கள்.

...தலைவரே, எண்ண வேண்டாம். பார்த்தால் போதும்.

என்ன, ஒரு துண்டுச் சீட்டு வருகிறது? வெங்கட் தம்பியின் கையெழுத்து. 'நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடிக்கவும்.' தம்பி, நேரமில்லாதவர் நீங்கள் இல்லை, அகிலாதான். மைக் செட் இஸ்மாயில் தம்பி, ஒயர் பக்கம் கையைக் கொண்டுபோகாதே. உன் தங்கையும் கையைத் தூக்கியிருக்கிறாள், திரும்பிப் பார்!

ஒத்துவராத இரண்டு தரப்புகளை ஒத்துப்போகச் செய்வது கேவலமான வேலையா? இல்லவே இல்லை. அதைச் செய்யாத வீடு உண்டா? என் அக்காள் மகன் ஜாபேஸுக்கும் சித்தூர்த் தெலுங்குச் சபைப் பெண் ஹர்ஷினிக்கும் கல்யாணம் பேசினோம். பெண்ணுக்கும் பையனுக்கும் சண்டை இல்லை. சபைக்கும் சபைக்கும்தான் சண்டை! ஆராதனை தமிழிலா, தெலுங்கிலா? எங்கள் பக்கம், 'தமிழ் இல்லாவிட்டால் தாலியே இல்லை' என்றார்கள். அவர்கள் பக்கம், 'தெலுங்கு இல்லாவிட்டால் தேவாலயமே இல்லை' என்றார்கள். பேசி முடிக்க என் வீட்டுக்காரர் தியோடர் போனார். திரும்பி வந்தார். வாசலில் நின்றபடியே என்ன சொன்னார் தெரியுமா?

"பிரசங்கத்த வுட்டுட்டேன். அது தெலுங்குலதான். அவங்க பாஸ்டர் ஐயரு நீட்டி முழக்குவாரு, பல்லக் கடிச்சிக்கினு உக்காருங்க. பாட்டு பூரா நம்மது. பிரியாணி நம்ம சமையக்காரன்."

அவ்வளவுதான்! விட்டது என்ன என்பதை முதலில் சொன்னார். வந்தது என்ன என்பதைப் பிறகு சொன்னார். யாருக்குக் கஷ்டம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கல்யாணத்தன்று பிரசங்கம் நீண்டது, நீண்டது, கானான் தேசம் வரைக்கும் நீண்டது. எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. தூங்கினோம், அது வேறு. ஆனால் சண்டை போடவில்லை. 'முழுக்க முழுக்கத் தமிழ் ஆராதனையை வென்று வந்தேன்' என்று தியோடர் அன்றைக்குச் சொல்லியிருந்தால்? பிரசங்கம் ஆரம்பித்த நிமிடமே பாதிச் சபை எழுந்து போயிருக்கும், மீதிச் சபை அடித்துக்கொண்டிருக்கும், பிரியாணி ஆறிப்போயிருக்கும்!

நான் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவள். ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவளுக்கு நாராயணவனத்துக் கல்யாணக் கதை தெரியாமல் இருக்குமா? திருப்பதிப் பெருமாளே தன் கல்யாணத்துக்குக் குபேரனிடம் கைமாற்று வாங்கினார் என்று ஊரே சொல்கிறது. மறைத்தாரா? இன்றைக்கும் மலைமேல் வருகிற பக்தர்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அதனால் அவருக்குக் கூட்டம் குறைந்ததா? கையில் சங்கும் சக்கரமும் வைத்திருப்பவருக்கே ஊரறியச் சொல்வதில் வெட்கம் இல்லை. கையில் மைக் மட்டும் வைத்திருக்கும் நமக்கு என்ன ஐயா வெட்கம்?

விட்டுக்கொடுத்த தலைவன் ஊருக்கு வரும்போது அதை முதலில் சொல்லட்டும். வாங்கியதை முதலில் சொன்னால் கைதட்டல் சத்தத்தில் விட்டது காதில் விழாது. யாருடைய பங்கை விட்டோம் என்று அவர்களைப் பார்த்தே சொல்லட்டும். சூப்பர்வைசர் வேலைக்கென்று டிப்ளமா படித்தவன் கூட்டத்தில் இருப்பான், அவன் முகத்தைப் பார்த்து, 'உனக்கு இந்த முறை வாங்க முடியவில்லை தம்பி' என்று சொல்லட்டும். அவன் திட்டுவான். திட்டட்டும்! திட்டு வாங்குவதற்குத்தானே இத்தனை மாலை போடுகிறோம்? விட்டதை மறுபடி போய் எப்போது கேட்பேன் என்றும் சொல்லட்டும். கோட்டு போட்டாலும் வேட்டி கட்டினாலும், தெலுங்கில் பேசினாலும் தமிழில் பேசினாலும், ஒரே எண்ணைச் சொல்லட்டும். ஐம்பது என்றால் ஐம்பது! யாபை என்றால் யாபை!

பாதி வாங்கி வந்தவன் பாதி என்று சொன்னால், மீதிக்கு ஊரே அவனோடு வரும். பாதி வாங்கி வந்தவன் முழுசு என்று சொன்னால், மீதியை இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பான்? கேட்டால், 'முழுசையும் வாங்கியாயிற்று என்று நீதானே நாராயணவனத்தில் சொன்னாய்' என்று முதலாளி கேட்க மாட்டானா? ஒரு பொய்யைச் சொல்லி இருக்கிற பாதியையும் கெடுத்து, வரவேண்டிய மீதியையும் அடைத்துவிட்டோமே!

தலைவரே, உங்களைப் பாராட்டத்தான் வந்தேன். இந்த மேடையில் இருக்கிறவர்களில் உங்கள் சட்டத்தை உண்மையாகப் பாராட்டியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் இல்லாத சட்டத்தைப் பாராட்டினார்கள். இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுந்து வாருங்கள். இந்த மைக்கில், இந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்து, எவ்வளவு என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

வழி விடுங்கள், வழி விடுங்கள். வருகிறார். வெங்கட் தம்பி, அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அவர் குழந்தை இல்லை. வாருங்கள் தலைவரே. மாலையைக் கழற்றுகிறீர்களா? நல்லது, நாகபூஷணம் ஐயாவிடம் கொடுங்கள்.

...கேட்டதா உங்களுக்கு? பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். அவர் மைக்கை விட்டுத் தள்ளி நின்று சொன்னார், நான் திருப்பிச் சொல்கிறேன். 'ஐம்பதுதான். முதல் வருஷம் காண்ட்ராக்ட்தான். மீதியை என்னால் வாங்க முடியவில்லை. உங்கள் முன்னால் சின்னவனாகிவிடக் கூடாது என்று பயந்து மாற்றிச் சொன்னேன்.' இதைத்தான் சொன்னார். தெலுங்கிலும் ஒரு முறை சொன்னார். இரண்டிலும் ஐம்பதுதான் சொன்னார், நான் கவனித்துக் கேட்டேன்!

யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டாம். கல் எறியவும் இல்லையே, பார்த்தீர்களா தலைவரே?

அங்கே யார் எழுந்து நிற்பது? ரவியா? சொல்லுப்பா, சத்தமாகச் சொல்.

"சார், அம்பதுன்னா அம்பதுன்னு சொல்ல வேண்டிதுதான சார்? தறியில முழுக்கூலி நாங்க என்னிக்கி வாங்கிக் கீறோம்? பாதிய வாங்கிக்கினுதான் பொழைக்கறோம். பாதின்னா எங்களுக்குப் புரியாதா? எங்களப் பாத்து எதுக்கு சார் பயந்தீங்க?"

தலைவரே, கேட்டீர்களா? இந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சட்டைப் பையில் இருக்கட்டும்.

என் உரை முடிந்தது. கைப்பையில் இருக்கும் பேச்சை வெங்கட் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், அடுத்த தேர்தலுக்கு ஆகும். பொறுமையாய்த் தலைமை தாங்கிய நாகபூஷணம் ஐயாவுக்கும், ஒயரைப் பிடுங்காத இஸ்மாயில் தம்பிக்கும், நெஞ்சிலிருந்து எண்ணை எடுத்துச் சொன்ன தலைவருக்கும், மதியம் சோறு போட்ட ரவி வீட்டாருக்கும், கேட்டுக் கேட்டு ஏமாந்தும் இன்னும் கேட்க வந்திருக்கும் உங்களுக்கும் என் நன்றி.

அகிலா, இன்னும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? நன்றியுரை முடிந்து, தேசிய கீதம் பாடி, கூட்டம் கலைய நேரமாகும். நீ எழுந்திரு கண்ணு. கை தூக்கிய மற்றவர்களையும் கூட்டிக்கொள். வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து வை. காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

வழி விடுங்கள் பெரியோர்களே, பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். வணக்கம்!